அந்நியப் பொருள் எண் பதினேழு

அந்த பிஸ்கட் கம்பெனியில் உடுப்புக்குப் பை கிடையாது. வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை தொங்கும் வெள்ளை மேலங்கி, தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு ஒரு துணி. எங்கே தடவிப் பார்த்தாலும் ஒரு பை அகப்படாது. பொத்தான்கூட இல்லை, அறுந்து மாவில் விழுந்துவிடும் என்று ஒட்டுப்பட்டைதான். பை என்று ஒன்று இருந்தால் அதில் பேனா இருக்கும், சீப்பு இருக்கும், மூக்குப்பொடி டப்பாகூட இருக்கும், அதெல்லாம் என்றாவது ஒருநாள் பிஸ்கட்டோடு சேர்ந்து யார் வீட்டுப் பிள்ளையின் வாய்க்காவது போகும் என்பது கம்பெனியின் யோசனை. யோசனையில் தப்பில்லை. ஆனால் யோசித்தவர் ஒரு ஆம்பளை என்பது மூன்றாவது லைனில் நிற்கும் இருபத்தெட்டுப் பெண்களுக்கும் மாதத்தில் நாலைந்து நாள் நன்றாகவே விளங்கும்.

அந்த லைனில் எடை மேசையில் நிற்பவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜமாகவே நெட்டை. மேசை அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது. எட்டு மணி நேரமும் குனிந்து நின்று, வீட்டுக்குப் போனபிறகுதான் அவள் முழு உயரத்துக்கு நிமிர்வாள். பாக்கெட்டுகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக வரும். எடை குறைந்தால் ஒரு பிஸ்கட்டை உள்ளே வைக்க வேண்டும், கூடினால் ஒன்றை எடுக்க வேண்டும். அவள் கையைத் தாண்டிய பாக்கெட் அடுத்த நொடியே சூடான கம்பிக்கு நடுவில் போய் வாயை மூடிக்கொள்ளும். ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தாள். வருகிற மாதம் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் நாலாவது.

கழிவறைக்குப் போக ஒரு முறை இருந்தது. சூப்பர்வைசர் மேசை ஓரம் ஆணியில் இரண்டு பச்சைக் கட்டைகள் தொங்கும். கட்டை இருந்தால்தான் போகலாம், ஆறு நிமிஷத்தில் திரும்ப வேண்டும். கைப்பையிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் அது வேறு கதை. கைப்பைகள் எல்லாம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி அறையில் இருக்கும். அங்கே போவதற்கு ஒரு புத்தகத்தில் நேரம், பெயர், காரணம் என்று மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். காரணக் கட்டத்தில் பெண்கள் எல்லோரும் "தலைவலி மாத்திரை" என்று எழுதுவார்கள். எப்போது யார் ஆரம்பித்ததோ, அதுவே பழக்கமாகிவிட்டது.

"என்னம்மா, இந்த லைன்ல இருக்கற அத்தனை பேருக்கும் மாசாமாசம் ஒரே மாதிரி தலைவலிக்குதே" என்று சூப்பர்வைசர் கண்ணைச் சிமிட்டுவார். அவருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள், தெரியாதவர்கள் நிஜமாகவே தலைவலி என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான். நெட்டை காலையிலேயே புத்தகத்தில் தலைவலி எழுதி, பெட்டி அறைக்குப் போய், ஒரு நாப்கினை மடித்து மேலங்கியின் கைக்குள் செருகி வைத்திருந்தாள். மணிக்கட்டில் எலாஸ்டிக் உண்டு, கீழே விழாது. பதினோரு மணிக்குக் கட்டை கிடைத்தது. ஓடினாள். மாற்றிக்கொண்டாள். பழையதைக் கைதுடைக்கும் தாளில் நாலு சுற்று சுற்றிக் கூடையில் போட்டாள். அப்போதுதான் பார்த்தாள், நாப்கினின் பசையை மூடியிருந்த வழுவழுப்பான காகிதத் துண்டு கையிலேயே இருக்கிறது. கூடைக்கு மூடி கிடையாது. சற்றுமுன்தான் காலி செய்திருந்தார்கள். அதில் இதையும் போட்டால் தனியாகத் தெரியும், தாளில் சுற்றியது என்னவென்றும் அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். கூடையைக் கொட்டுகிறவர் ஓர் ஆம்பளை. கூடையை நடு முற்றத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள்.

வெளியே சூப்பர்வைசர் குரல் கேட்டது. "கட்டை எங்கப்பா? ஏழு நிமிஷம் ஆச்சு!"

துண்டைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு, கை கழுவிவிட்டு ஓடிவந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எங்காவது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் கைக்குள் தடவிப் பார்த்தால் துண்டு இல்லை.

அது பூதக்கண்ணாடியிடம் இருந்தது.

பூதக்கண்ணாடி என்றால் தரம் பார்க்கும் அதிகாரி. மணிக்கு ஒருமுறை பத்து பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. கல்யாணம் ஆகாதவர். விடுதியில் படித்து, தனி அறையில் தங்கி, ஐம்பதைத் தொட்டுவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் அளக்காமல் நம்பமாட்டார். பிஸ்கட்டுக்கு நடுவில் கிடந்த காகிதத் துண்டைச் சாமணத்தால் எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, அளந்து, முகர்ந்து பார்த்து, கண்ணாடித் தாளில் ஒட்டினார். புதன்கிழமை காலையில் சாப்பாட்டு அறை வாசலில் இருக்கும் பலகையில் அதை மாட்டிவிட்டார்.

அந்தப் பலகைக்கு 'அந்நியப் பொருள்கள்' என்று தலைப்பு. இதுவரை பிஸ்கட்டில் அகப்பட்டவை எல்லாம் எண் போட்டு அதில் இருக்கும். கொண்டை ஊசி, பல்குத்தும் குச்சி, மூக்குக்கண்ணாடித் திருகு, உடைந்த நகம், இப்படிப் பதினாறு. பதினேழாவதாக இது. கீழே அழகான கையெழுத்தில், 'ஒருபக்கம் வழுவழுப்பான காகிதம். நீளம் பதினெட்டு, அகலம் நாலு சென்டிமீட்டர். எதன் பகுதி என்று தெரிந்தவர்கள் தரப் பிரிவில் தெரிவிக்கவும்.'

இருபத்தெட்டுப் பெண்களும் அதற்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முதலில் சிரித்தது அட்டைப்பெட்டி மடிக்கிற வாயாடிதான்.

"அடிப்பாவிங்களா, இதைப் போய் பரிசுக்கோப்பை மாதிரி மாட்டி வெச்சிருக்காரே மனுஷன்!"

"மெதுவா பேசுடி."

"நீளம் பதினெட்டாம். நல்லவேளை, அந்தப் பெரிய சைஸ் வாங்கலை. பலகையே பத்தாது."

மேசைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். நெட்டையும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அவள்தான் என்று தெரிந்துவிடுமே. கல்யாணமான ஆம்பளைகள் பதினைந்து இருபது பேர் அதே பலகைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒருவர் மருந்துக் கட்டுப் பட்டை என்றார், இன்னொருவர் மிட்டாய்க் காகிதம் என்றார்.

சிரிப்பு மத்தியானம்வரைதான். மத்தியானம் பூதக்கண்ணாடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிள் பெரிய உருளையாக வரும். லேபிளுக்குப் பின்னால் இதேபோல வழுவழுப்பான காகிதம்தான் இருக்கும். அந்த உருளையை மாட்டுகிறவர் மூன்றாவது லைனில் ஒரே ஆள்தான். லேபிள் அண்ணன். புது உருளை மாட்டும்போது முனையைக் கிழித்து எறிவதில் கவனக்குறைவு, அதுதான் பறந்துபோய் பாக்கெட்டில் விழுந்திருக்கிறது. எழுதி முடித்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். லேபிள் அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் இருந்தன. பலகையில் இருக்கும் மூக்குக்கண்ணாடித் திருகு அவருடையது. இன்னொரு முறை மறந்துபோய் கைக்கடிகாரத்தோடு உள்ளே வந்துவிட்டார். மூன்றாவது கடிதம் என்றால் வேலை போய்விடும். இருபத்திரண்டு வருஷ வேலை, ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அதுவரை அவர் உள்ளே வரக்கூடாது, ஆனால் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல் அறை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு விதி.

வியாழக்கிழமை காலையில் நெட்டை அவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. வெள்ளை உடுப்பில்லாமல் அவரை அவள் அன்றுதான் பார்த்தாள். கட்டம்போட்ட நீலச்சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. அந்தச் சட்டையில் இரண்டு பை இருந்தன.

"வாம்மா நெட்டை, சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே. நீங்க?"

"ஆச்சு, ஆச்சு." பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்மா. முனையைக் கிழிச்சு டப்பாவுலதான் போடுவேன். இருபத்திரண்டு வருஷமா அந்தக் கை அப்படியேதான் போகும். ஆனா கண்ணு இப்போ மங்கலாயிடுச்சு பாரு. விழுந்திருக்கும், நான் கவனிச்சிருக்கமாட்டேன். நான்தான் போட்டிருப்பேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே."

"எதுக்கு வீணா மல்லுக்கட்டணும். ஒத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். வீட்ல சொல்லிட்டேன். அவ ராத்திரி பூரா ஒண்ணும் பேசலை."

நெட்டை வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்க எடை தப்பித்தப்பி வந்தது. இரண்டு முறை சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

சாப்பாட்டு நேரத்தில் வாயாடியை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "அது என்னுதுடி."

வாயாடி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, "யாரோடதா இருந்தா என்ன, நம்ம எல்லாரோடதும் அதேதான்" என்றாள். "இப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியலை."

"சொன்னா உனக்கும் கடிதம் வரும். பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க."

"அது தெரியும்."

"அதுகூடப் பரவாயில்ல. அந்த மேனேஜர், சூப்பர்வைசர், பூதக்கண்ணாடி, அத்தனை பேருக்கு முன்னாடி எப்படிடி சொல்லுவ? எனக்கு வாய் இவ்வளவு நீளம், என்னாலயே முடியாது."

அதுதான் விஷயம். நிரந்தரம் தள்ளிப்போவதை நினைத்தால் அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் சொல்வதை நினைத்தால் காதெல்லாம் சுட்டது. எந்த வார்த்தையைச் சொல்வது? மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலே அந்த வார்த்தைக்கு முன்னால் நாக்கு நின்றுவிட்டது.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டுகிறவன். தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ சொல்ல வேணாம், விடு."

"அந்தாளுக்கு வேலை போயிடும்ங்க."

"அவருக்கு எப்படியும் வயசாச்சு. உனக்கு ஆறு வருஷம். அதுவுமில்லாம, ஆம்பளைங்க நாலு பேரு உக்காந்திருக்கற இடத்துல போய், இந்த மாதிரி..." அவன் முடிக்கவில்லை. தண்ணீரைக் குடித்தான்.

"எந்த மாதிரி?"

"எனக்கே உன்கிட்ட இதைப் பேச ஒரு மாதிரி இருக்கு. நீ வேற!"

அவள் அவனைப் பார்த்தாள். பதினோரு வருஷக் கல்யாணம், ஒரு பிள்ளை. அவனிடமும் அவள் இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. 'உடம்பு சரியில்லை' என்பாள், அவனும் 'சரி' என்பான். கம்பெனியில் தலைவலி, வீட்டில் உடம்பு சரியில்லை. ஒரு நோயும் இல்லாமல் இருபது வருஷமாகத் தான் நோயாளியாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும்.

"எதுக்குச் சிரிக்கற?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குச் சொல்லிடப் போறேன்."

அவன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். "உன் இஷ்டம்" என்றான் கடைசியில். கோபமில்லாமல்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நெட்டை சூப்பர்வைசர் மேசைக்குப் போனாள்.

"பெட்டி அறைக்குப் போகணும் சார்."

"தலைவலியா? எழுது, எழுது."

அவள் நேரத்தை எழுதினாள், பெயரை எழுதினாள். காரணக் கட்டத்தில் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு, 'நாப்கின் எடுக்க' என்று எழுதிப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். வாயை மூடியிருந்த துணிக்கு மேலே தெரிந்த முகம் சிவந்தது.

"ஏம்மா, என்ன இது? இந்தப் புத்தகத்தை நாலு பேர் பாப்பாங்க."

"பாக்கட்டும் சார். காரணம்னுதானே போட்டிருக்கு?"

"எப்பவும் மாதிரி தலைவலின்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"

"தலை நல்லாத்தான் சார் இருக்கு."

பின்னால் கட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்த வாயாடி, இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டாள்.

பெட்டி அறையிலிருந்து ஒரு நாப்கினை எடுத்தாள் நெட்டை. வழக்கம்போலக் கை தானாகச் சட்டைக் கைக்குள் போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டாள். வெளிப்படையாகக் கையிலேயே பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி அலுவலகப் படியில் ஏறினாள். எதிரே வந்த மெக்கானிக் ஒருவர் அவள் கையைப் பார்த்தார், உடனே மேலே கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

விசாரணை அறையில் மேனேஜர், பூதக்கண்ணாடி, ஓரத்தில் தட்டச்சு செய்கிற பெண், நடுவில் லேபிள் அண்ணன். அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது, கையில் மூடி கழற்றிய பேனா. பூதக்கண்ணாடியின் முன்னால் பதினேழாம் எண். பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா? விசாரணை நடக்குது, தெரியாதா?" என்றார் மேனேஜர்.

"அது லேபிள் காகிதம் இல்ல சார்."

"எது?"

"அந்தத் துண்டு. அண்ணனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அது என்கிட்டேருந்து விழுந்தது."

பூதக்கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதனுடைய பகுதி?"

அவள் மேசைக்குக் கிட்டே போனாள். கையில் இருந்ததைப் பிரித்தாள், விரித்தாள், பின்பக்கத்துக் காகிதத் துண்டை நிதானமாக உரித்தாள். அதைப் பதினேழாம் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாப்கினோடது சார். பீரியட்ஸுக்கு வெக்கறது."

மேனேஜர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லேபிள் அண்ணன் குனிந்துகொண்டார். தட்டச்சுப் பெண் மட்டும் அவளையே பார்த்தாள். பூதக்கண்ணாடி யாரையும் பார்க்கவில்லை. அளவுகோலை எடுத்து முதலில் ஒன்றை அளந்தார், அடுத்ததை அளந்தார், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"அப்படியே பொருந்துதே!" என்றார் சந்தோஷமாக. "பதினெட்டு, நாலு! ஓரத்து வளைவுகூட ஒண்ணா இருக்கு. எழுதின பிறகும் சந்தேகம் தீராம எட்டு கம்பெனி லேபிளை வரவழைச்சுப் பார்த்தேன், ஒண்ணும் சரியா ஒத்துப்போகலை. முந்தாநாளே சொல்லியிருக்கலாமேம்மா?" பிறகுதான் தான் கையில் வைத்திருப்பது என்னவென்று அவருக்கு உறைத்தது போலும். ஆனாலும் கீழே போடவில்லை, பத்திரமாகத் தாளின்மேல் வைத்தார்.

அதிலும் ஒரு படிவம் இருந்தது. எந்தத் தவறு நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டுப் பதில் எழுத வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார்.

"பொருள் ஏன் பாக்கெட்டில் விழுந்தது?"

"சட்டைக் கையில வெச்சிருந்தேன், வழுக்கி விழுந்துடுச்சு."

"ஏன் சட்டைக் கையில்?"

"உடுப்புல பை இல்லையே சார். இதெல்லாம் கொண்டு போறதுக்கு எங்களுக்கு அந்தச் சட்டைக் கைதான்."

"ஏன் குப்பைக் கூடையில் போடலை?"

"கூடைக்கு மூடி இல்ல. அதைக் கொண்டுவந்து முற்றத்துல வெச்சுடறாங்க. எதுத்தாப்புலதான் எல்லாரும் உக்காந்து டீ குடிக்கறாங்க."

"ஏன் மூடி போட்ட கூடை இல்லை?" இந்தக் கேள்வியை அவர் மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்.

"யாரும் கேக்கலையேப்பா" என்றார் மேனேஜர் சன்னலைப் பார்த்தபடியே. "கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்போம். ஒரு கூடை என்ன பெரிய விஷயமா?"

"கேக்கலைதான் சார்" என்றாள் நெட்டை. "தலைவலின்னு எழுதிட்டுப் போயிட்டிருந்தோம்."

பூதக்கண்ணாடியின் பேனா நின்றது. "அந்தத் தலைவலி... எல்லாமே இதானா?"

"அநேகமா எல்லாமே."

"போன வருஷம் உங்க லைன்ல தலைவலி அதிகமா இருக்குன்னு நான்தானே ஆறு பக்கம் அறிக்கை எழுதினேன்! அடுப்புச் சூடு காரணம்னு சொல்லி மேலே ரெண்டு காத்தாடி போட வெச்சேனே!"

தட்டச்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நெட்டைக்கும் உதடு துடித்தது. "காத்து நல்லாத்தான் சார் வருது" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்து, ஐந்தாவது ஏனைக் கேட்டார். "ஏன் நிஜக் காரணத்தை எழுதலை?"

அவள் லேபிள் அண்ணனின் குனிந்த தலையைப் பார்த்தாள்.

"ஒருத்தி எழுதினா சார். நாலு வருஷத்துக்கு முன்னாடி, புதுசா சேர்ந்த பொண்ணு. ஒரு வாரம் அவ போற வர இடமெல்லாம், 'என்ன, சிவப்பு சிக்னல் விழுந்துடுச்சா'ன்னு கேட்டாங்க. அடுத்த மாசம் அவ வேலையை விட்டு நின்னுட்டா. அப்புறம் யாரும் எழுதலை."

"யார் கேட்டது?"

"புத்தகம் யார்கிட்ட இருக்குமோ அவங்கதான் முதல்ல. அப்புறம் எல்லாரும்."

பூதக்கண்ணாடி எழுத ஆரம்பித்தார். மேனேஜர் திரும்பினார். "அதை எழுத வேணாம்ப்பா."

"ஏன்னு கேட்டா பதிலை எழுதணும் சார். படிவம் அப்படி." வார்த்தை விடாமல் எழுதி, கீழே கோடு போட்டார்.

மேனேஜர் பெரிதாக மூச்சு விட்டார். கெட்ட மனுஷன் இல்லை, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. லேபிள் அண்ணனைப் பார்த்து, "நீங்க போகலாம். மத்தியானத்துலேருந்து வேலைக்கு வந்துடுங்க" என்றார். நெட்டையிடம், "நீ உண்மையைச் சொன்னது நல்லதுதான். ஆனா உற்பத்தி இடத்துக்கு வெளிப்பொருள் கொண்டு வந்திருக்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். கடிதம் குடுத்தாகணும். நிரந்தரம் இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சரி சார்." தெரிந்துதான் வந்திருந்தாள். 

கடிதம் தயாராகும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். லேபிள் அண்ணன் வந்து, ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் சொன்னது வேறு.

"மூணு நாள்மா."

"அண்ணே..."

"மூணு நாள் என் கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன். நேத்து தெருவைத் தாண்டறதுக்கு என் வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிட்டேன், தெரியுமா? நல்லாத் தெரியற கண்ணு. நீ நேத்துக் காலையில இந்த வழியாத்தானே போன? சாப்பிட்டியான்னு கேட்டேனே."

"சொல்ல முடியலைண்ணே. வெக்கமா இருந்துச்சு."

"வெக்கம்!" அவர் கையைத் தொடையில் தட்டிக்கொண்டார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார்.  யாரைத் திட்டுவது என்று தெரியாத ஆள்போலச் சுவரைப் பார்த்தார். "என்னாலயும் அந்த ரூம்ல நிமிர்ந்து பாக்க முடியலை" என்றார் கொஞ்சம் கழித்து. "எனக்காகத்தான் வந்து பேசற, நான் என்னடான்னா தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"மன்னிச்சுடுங்கண்ணே."

"சரி விடு. கோபம் இருக்கு, போறப்ப போகும்."

தட்டச்சுப் பெண் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நெட்டை பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட இடம் தேடினாள்.

"ஏய், இரு" என்றார் லேபிள் அண்ணன். "படிச்சுட்டுப் போடு. நான் ரெண்டு தடவையும் படிக்காமப் போட்டேன். ஒண்ணுல 'அடிக்கடி' கடிகாரத்தோட வருவேன்னு எழுதியிருந்தாங்க. ஒரு தடவைதான் வந்தேன்."

படித்தாள். தேதி சரி. லைன் சரி. 'மேற்படி ஊழியர் அடையாளம் தெரியாத ஒரு தனிப்பட்ட பொருளை உற்பத்தி இடத்துக்குள் கொண்டு வந்து...'

"அடையாளம் தெரியாதா?" என்றாள். "இப்போதானே மேசை மேல வெச்சுக் காட்டினேன்?"

தட்டச்சுப் பெண் தயங்கினாள். "மேனேஜர் அப்படித்தான் அடிக்கச் சொன்னார்க்கா. கடிதத்துல வேற எப்படி எழுதறதுன்னு..."

நெட்டை எழுந்தாள். முழு உயரத்துக்கு எழுந்தாள். உள்ளே போனாள், இந்தமுறை கதவைத் தட்டவில்லை.

"சார், எனக்குக் கடிதம் குடுக்கறதுல ஒண்ணுமில்ல. வாங்கிக்கறேன். ஆனா பேரைப் போட்டுக் குடுங்க."

"என்ன பேரு?" என்றார் மேனேஜர்.

"நாப்கின்னு போடுங்க சார். ஒரு வருஷம் கழிச்சு இந்தக் கடிதத்தை எடுத்து யாராவது படிச்சா, நான் என்னமோ கத்தியையோ கண்ணாடித் துண்டையோ கொண்டு வந்தேன்னு நினைப்பாங்க. எதுக்காக என் பேரு பட்டியல்லேருந்து போச்சுன்னு அதுல இருக்கணும்."

மேனேஜர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார், அவராவது ஏதாவது சொல்வார் என்று. அவர் தன் படிவத்திலிருந்து நிமிரவே இல்லை. "பொருளின் பெயர் கட்டாயம் சார். இல்லைன்னா அறிக்கை என்கிட்டயே திரும்பி வந்துடும்" என்றார்.

"படிச்சுட்டு, இதுக்கா கடிதம் குடுத்தாங்கன்னு கேப்பாங்களே?" என்றார் மேனேஜர், பாதி தனக்குத்தானே.

"கேக்கட்டும் சார்" என்றாள் நெட்டை.

மேனேஜர் அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற தட்டச்சுப் பெண்ணுக்குத் தலையசைத்தார்.

அவள் போய் உட்கார்ந்தாள். நெட்டை நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். 'அடையாளம் தெரியாத' போயிற்று. 'தனிப்பட்ட பொருளை' போயிற்று. அந்த இடத்தில் எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, மெதுவான குரலில், "மாதவிடாய் நாப்கின்னு முழுசாவே போட்டுடவாக்கா?" என்று கேட்டாள்.

"போடு."

வாசலில் லேபிள் அண்ணன் போகாமல் நின்றுகொண்டிருந்தார். இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை.